மரத்தூளுக்கு வந்த விலை

விறகு வாங்கி இடியாப்பம் விற்றால் எனக்கு மிஞ்சுவது புகைதான். உஜோங் பாசிர் கரையில் பாக்காவ் என்கிற சதுப்புநில மரங்களை வெட்டி வெட்டி மொட்டையாக்கியதில் விறகு விலை ஏறிவிட்டது. மெர்டேக்கா என்று நாட்டின் சுதந்திரத்தைக் கொண்டாடி மூன்று மாதமாகியும், காஜா பெராங் பெரிய சாலையோடு நின்ற மின்கம்பம் எங்கள் வீட்டு வரிசைக்கு வரவில்லை.

அதனால் மரத்தூளுக்கு மாறினேன். மண்ணெண்ணெய்த் தகரத்தின் நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக அடைத்து, போத்தலை உருவிவிட்டு அடித்துளையில் பற்றவைத்தால் மூன்று மணி நேரம் நின்று எரியும். ஆற்றோர மர ஆலையில் தூள் சும்மாவே கிடைத்தது. என்னைப் பார்த்து வரிசையின் எட்டு வீடுகளும் சாக்கோடு கிளம்பின.

அதைக் கண்டதும் ஆலை முதலாளிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"இனிச் சும்மா தரேலாது, அஞ்சலை. சாக்குக்குப் பத்துக் காசு," என்றார் ஆலையில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி பொன்னுதுரை.

"குப்பைக்குமா காசு, கிராணி ஐயா?"

"முதலாளியின்ர சொல். நான் என்ன செய்ய?"

காசு கொடுத்தால் வியாபாரத்தை மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் தூளை ஆற்றில் கொட்டக்கூடாது என்று சுகாதார அதிகாரி ஆலையை எச்சரித்திருந்தது ஊருக்கே தெரியும். நாங்கள் அள்ளாவிட்டால் அது எங்கே போகும்?

"ஒருத்தியும் அங்க போவக்கூடாது. தூள் குவிஞ்சா அவங்களே நம்மளத் தேடி வருவாங்க," என்றேன் எல்லாரிடமும்.

"அதுவரைக்கும் எதை எரிப்ப?" என்றாள் பக்கத்து வீட்டுக் காமாட்சி.

என் பெஞ்சை உடைத்தேன். எட்டு வீட்டுச் சோறும் என் ஒரே அடுப்பில் வெந்தது. நான்காம் நாள் பெஞ்சு தீர்ந்தது. காமாட்சி காசை முந்தானையில் முடிந்துகொண்டு ஆலைக்குக் கிளம்ப, வழியில் மறித்தேன்.

"இன்னிக்கு நீ குடுத்தா நாளைக்கு இருவது கேப்பான். என் கட்டில் இருக்கு, வா."

கட்டிலை உடைத்துவிட்டுத் தரையில் படுத்தேன்.

ஆறாம் நாள் பொன்னுதுரை சைக்கிளில் வந்தார். தூள் மலையாகக் குவிந்து ரம்பம் ஓட இடமில்லையாம். மறுநாள் அதிகாரி வேறு வருகிறாராம்.

"காசு வேண்டாம், அஞ்சலை. வந்து அள்ளிக்கொண்டு போங்கோ."

"இனிமே நாங்க சுமக்க மாட்டோம், ஐயா. வாரா வாரம் லாரில கொண்டாந்து எறக்குங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். நானும் அசையவில்லை. உள்ளே அடுப்பில் எரிவது கட்டிலின் கடைசிக் கால் என்பது அவருக்குத் தெரியாது.

"சரி, அனுப்புறன்," என்றார்.