நல்ல தண்ணி

சுத்தியலால் தூணைத் தட்டியபோது வந்த சத்தம் திருமூர்த்திக்குப் பிடிக்கவில்லை. ஆரோக்கியமான தூண் என்றால் 'ணங்' என்று அடியைக் கைக்கே திருப்பித் தரும். இது பொத்தென்று வாங்கிக்கொண்டது. சந்தேகத்துக்கு இன்னொரு தட்டு தட்டினான். பூச்சு பெயர்ந்து, கீழே சம்மணமிட்டு பனியனில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த மயிலாளின் மடியில் விழுந்தது. அவள் மடியை உதறிக்கொண்டு, "ஏனுங் சார், கட்ட வந்தீங்களா, இடிக்க வந்தீங்களா?" என்று சிரித்தாள். பக்கத்திலிருந்த பெண்களும் சிரித்தார்கள். திருமூர்த்தி சிரிக்கவில்லை. பெயர்ந்த இடத்தில் கம்பி தெரிந்தது. துருவேறிப் பருத்து, ஏடு ஏடாக உரிந்துகொண்டிருந்தது. விரலால் சுரண்டினால் கையோடு வந்தது. கட்டிடம் கட்டிச் சில வருஷம்கூட ஆகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஏற்றுமதி ஆர்டர் வந்து குவிய, திருப்பூரில் அன்றைக்குக் கட்டிடம் கட்டாதவனுக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள் போலிருந்தது. அருள்புரத்தில் ஆத்தப்பனும் சோளக்காட்டை அழித்து ஒரு பனியன் கம்பெனி கட்டினார். கம்பெனிக்குப் பின்னால் அவருடைய சொந்தச் சாயப்பட்டறை அதற்குச் சில வருஷம் முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிக்கு இடம் பற்றாமல் போக, மேல் மாடி எழுப்புவதற்காக மடத்துக்குளத்திலிருந்து திருமூர்த்தியை வரவழைத்தார். டிப்ளமோ படித்தவன், தூரத்துச் சொந்தம், மாமா என்று கூப்பிடுகிற முறை. சொந்தக்காரன் என்றால் சிமெண்ட் மூட்டை காணாமல் போகாது என்பது அவருடைய நம்பிக்கை. சொந்தக்காரனால் எதிர்த்துப் பேசவும் முடியாது என்பதை அவர் யோசித்திருக்க மாட்டார். அது பிறகு தானாகவே நடந்தது.

மேல் மாடித் தூண்கள் ஏற்கெனவே ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி நின்றன. தளம் போடுவதுதான் பாக்கி. ஈரச் சாக்கு சுற்றிய தூண்களுக்கு மாரக்காள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மயிலாளின் அம்மா அவள். மகள் கீழே, தாய் மேலே. திருமூர்த்தி படியேறி வந்து, அவளுடைய குடத்தில் விரலை முக்கி நாக்கில் வைத்தான். முகம் சுருங்கியது. அமராவதி வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்த நாக்கு.

"இது எங்கத்த தண்ணிங்க, மாரக்கா?"

"நம்ம கெணத்துத் தண்ணிதானுங்க. கீழ் கட்டடத்துக்கும் இதேதானுங்க ஊத்துனது."

"கலவைக்கும் இதேவா?"

"பொறவு கலவைக்கு நல்ல தண்ணியா ஊத்துவாங்க?" என்றாள் அவள், இப்படியும் ஒரு படித்த மனிதர் கேட்பாரா என்பதைப் போல.

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த ஊரில் தண்ணீர் இரண்டு வகை. குடிக்கிறது நல்ல தண்ணி. மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க, மாட்டுக்குக் காட்ட எல்லாம் அதுதான். கட்டிடம் எந்த யோசனையும் இல்லாமல் மற்ற எல்லாவற்றிலும் சேர்ந்துவிட்டது. கலங்கல் இல்லாத தண்ணீர்தான், பார்த்தால் கண்ணாடி. ஆனால் சாயப்பட்டறைக்கு உப்பு மூட்டை லாரி லாரியாக வந்து இறங்கி, துணியில் சாயம் பிடிக்க உதவிவிட்டு, கழிவோடு பள்ளத்தில் ஓடி, பள்ளத்தை ஒட்டிய கிணற்றுக்குள் கசிந்திருந்தது. அந்தத் தண்ணீர் கலவையில் சேர்ந்தால் உள்ளே இருக்கிற கம்பியைத் தின்னும். தின்னத் தின்னக் கம்பி பருக்கும். பருத்த கம்பி ஒருநாள் கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். அப்படிப்பட்ட தூண்களின் தலையில்தான் இன்னொரு மாடி ஏறிக்கொண்டிருந்தது.

ஆத்தப்பன் வந்ததும் அவரைத் தூணருகே கூட்டிப்போய்க் காட்டினான். அவர் துருவைத் தொட்டுப் பார்த்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்கு ஒவ்வொரு பெண்ணுக்கும் தானே நின்று சேலை கொடுப்பவர். யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். சிக்கலே அதுதான். கெட்டவர் என்றால் திருமூர்த்தி சண்டை போட்டிருப்பான்.

"மாமா, மேல தளம் போட வேண்டாமுங்க. கீழ இருக்கற பொண்ணுங்கள வேற எடத்துக்கு மாத்தீட்டு, தூணையெல்லாம் ஒடைச்சுப் பாக்கோணும்."

"ஷிப்மெண்ட் போற நேரத்துல கம்பெனியக் காலி பண்ணச் சொல்றயே கண்ணு. நடக்கற காரியமா?"

"அதில்லைன்னாலும், இனிப் போடற கான்கிரீட்டுக்காவது லாரியில தண்ணி வரவழைக்கோணுமுங்க. இந்தக் கெணத்துத் தண்ணி…" என்று இழுத்தான்.

ஆத்தப்பனின் முகம் மாறியது. "கெணத்துக்கு என்ன?"

அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அவருடைய அப்பா பாறையைக் குடைந்து வெட்டிய கிணறு அது. தண்ணீர் கண்ட அன்று முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் ஆளுக்கொரு கை கொடுத்தாராம், கருப்பட்டி போட்ட மாதிரி இனித்ததாம். ஆத்தப்பன் கம்பெனிக்குக் கடைக்கால் போட்டபோது முதல் கலவைக்கு அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றவேண்டும் என்று நின்று, கண்ணில் நீர் கோக்க ஊற்றினார். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரை உப்புத் தண்ணி என்று யாரும் அவர் காதுபடச் சொன்னதில்லை.

"மாரக்கா, ஒரு சொம்பு மொண்டுட்டு வா," என்றார்.

மாரக்காள் மோட்டார்க் குழாயில் பிடித்துக்கொண்டு வந்தாள். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆத்தப்பன் செம்பைத் தூக்கி, அண்ணாந்து, நடுவில் நிறுத்தாமல் குடித்தார். தொண்டைக்குழி ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்கய்யன் வெட்டுனது. இன்னும் அப்படியே இனிக்குது," என்றார். இன்னொரு செம்பு கொண்டுவரச் சொல்லித் திருமூர்த்தியிடம் நீட்டினார். "குடி கண்ணு. குடிச்சுப்போட்டு நீயே சொல்லு."

திருமூர்த்தி குடித்தான். நாக்கின் ஓரம் கரித்தது. இறங்கும்போது தொண்டையில் சாயப்பட்டறை நாற்றம் அடித்தது. நிமிர்ந்தபோது எதிரே அந்தப் பெரிய மனிதரின் கண்கள் இருந்தன. அதட்டுகிற கண்களாக இருந்திருக்கலாம். கெஞ்சுகிற கண்களாக இருந்தன. ஒரு மனிதனைப் பார்த்து, இத்தனை பேர் முன்னால், உங்கள் அய்யன் வெட்டிய கிணறு செத்துப்போய்விட்டது, கொன்றது உங்கள் பட்டறைதான் என்று எப்படிச் சொல்வது? அதுவும் மாமா என்று கூப்பிட்ட வாயால்?

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க மாமா," என்றான் திருமூர்த்தி.

மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. மாரக்காள் காலிச் செம்பை வாங்கிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தண்ணீரின் ருசி அவளுக்கும் தெரியும். இவன் ஏன் கேட்டான், பிறகு ஏன் இப்படிச் சொன்னான் என்பது மட்டும் தெரியவில்லை. மதியம் அவளே வந்து கேட்டாள். திருமூர்த்தி, சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அவரிடம் சொல்ல முடியாததை யாரிடமாவது சொல்லியாகவேண்டும் போலிருந்தது.

"மயிலாளக் கூட்டீட்டு வேற கம்பெனிக்குப் போயிருங்க," என்றான் கடைசியில்.

மாரக்காள் தலைச் சும்மாட்டை அவிழ்த்து உதறினாள். "எங்கெங்க போறது? எல்லாக் கம்பெனியிலயும் நாந்தானுங்களே தண்ணி ஊத்தியிருக்கறேன்."

தளம் போடுகிற அன்று காலையில் ஓர் ஆச்சரியம் நடந்தது. கேட்டுக்குள் தண்ணீர் லாரி வந்து நின்றது. பல்லடத்துக்கு அப்பால் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து வந்த தண்ணீர். ஒழுகிய இடத்தில் கையேந்திக் குடித்துப் பார்த்தான் திருமூர்த்தி. அசல் தண்ணீர். அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மனிதர் எல்லோர் முன்னாலும் வீம்புக்குக் குடித்தாலும், உள்ளுக்குள் யோசித்திருக்கிறார். கீழே உள்ள தூண்களைப் பற்றியும் இனி மெதுவாகப் பேசிப் பார்க்கலாம். கலவை மெஷின் பக்கமாக லாரியைத் திருப்பச் சொல்லி ஓட்டுநருக்குக் கை காட்டினான்.

"அக்கட்ட எங்கெ கண்ணு கூப்படறே?" என்று ஆத்தப்பன் ஆபீசிலிருந்து வெளியே வந்தார். "பட்டறைக்கு வந்த லாரி அது. கொழந்தைங்க போடற சட்டை ஆர்டர், இளம் ரோஸ் கலரு. கெணத்துத் தண்ணியில முக்குனா திட்டுத் திட்டா கறை உழுந்துரும். சரக்கு வாங்கற பையர் பூராத்தையும் திருப்பிப்போடுவான்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது போலிருந்தது. திருமூர்த்தியின் முகத்தைப் பார்த்தார், உடனே பார்வையை நகர்த்திக்கொண்டார். லாரி அவர்களைத் தாண்டிப் பட்டறைக்குப் போயிற்று. ஆத்தப்பன் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு, "நேரமாச்சு, ஆரம்பிங்க," என்று பொதுவாகச் சொன்னார். கிணற்று மோட்டார் ஓடியது. கலவை மெஷின் சுற்றியது. ஜல்லிச் சட்டி கை மாறிக் கை மாறி மேலே போயிற்று.

வேலையை விட்டுப் போய்விடலாம் என்று திருமூர்த்தி நினைத்தான். போனால் வேறொருவன் வருவான், அவன் தூணைத் தட்டிக்கூடப் பார்க்கமாட்டான் என்று சொல்லிக்கொண்டு இருந்துவிட்டான். தட்டிப் பார்த்தவன் என்ன கிழித்துவிட்டான் என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது. மயிலாளிடம் இடத்தை மாற்றி உட்காரச் சொன்னான். "சன்னல் பக்கம்தானுங் சார் வெளிச்சம். பிசிறு தெரியோணுமில்லீங்க," என்று அவள் தலை நிமிராமல் சொன்னாள்.

தளம் காயக் காய, மேல் மாடியெங்கும் வெள்ளையாக உப்புப் பூத்தது. ஒரு மத்தியானம் திருமூர்த்தி மேலே போனபோது, மாரக்காள் ஒரே ஒரு தூணின் முன்னால் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவள் இடுப்பில் இருந்தது கட்டிடக் குடம் இல்லை. வீட்டிலிருந்து தனக்குக் குடிக்கக் கொண்டுவரும் சின்னப் பித்தளைக் குடம். தூணில் சுற்றிய சாக்கை விலக்கி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், குழந்தைக்குத் தலை முழுக்காட்டுகிற மாதிரி மெல்ல ஊற்றினாள். கீழே மயிலாள் உட்கார்ந்திருக்கிற தூணுக்கு நேர் மேலே நிற்கிற தூண் அது.

"நல்ல தண்ணிங்க," என்றாள், களவு செய்து அகப்பட்டவளைப் போல. "எங்க தெருக் கொழாயில புடிச்சதுங்க. தெனமும் ஊத்தீட்டுத்தான் இருக்கறேன். இத்தனை போதுமுங்களா?"

உப்பு கம்பிக்குள் ஏறியாகிவிட்டது, அது இருப்பது கீழே, மேலே எத்தனை குடம் ஊற்றினாலும் அங்கே போய்ச் சேராது. இதெல்லாம் அவன் வாய்வரைக்கும் வந்தது.

"போதுமுங்க, மாரக்கா," என்றான்.

அவள் தலையாட்டிவிட்டுச் சாக்கை இழுத்துச் சுற்றினாள். காலிக் குடத்தை நிழலில் கவிழ்த்து வைத்தாள். வெயில் உச்சியில் நின்றது. படியிறங்கிப் போய் மோட்டார்க் குழாயருகே குந்தி, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி, கிணற்றுத் தண்ணீரை முகம் சுளிக்காமல் குடிக்க ஆரம்பித்தாள்.