கை தூக்கும் வழக்கம்

பெட்டி வீட்டுக்குள் நுழையவில்லை. வாசலைத் தாண்டியதும் குறுக்குச் சுவர். நேராகக் கொண்டுபோனாலும் இடித்தது, சாய்த்தாலும் இடித்தது. தென்னரசு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கோணம் பார்த்தான், கலைப்பிரியா மறுமுனையில் நின்று இன்னும் கொஞ்சம் தூக்கச் சொன்னாள். கணக்கில் ஆராய்ச்சி செய்கிற நாலு பேர் நின்றும் ஒரு சவப்பெட்டியைத் திருப்ப முடியவில்லை.

"விட்டுடுங்க. அப்பாவ வெளிய கொண்டாந்துடலாம்," என்றாள் இசைவாணி.

அவள் அப்பா சவுரிராயன் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கியவர். முந்தாநாள் மத்தியானம் நெஞ்சு வலிக்கிறதென்று விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நேற்று விடியலில் போய்விட்டார். சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரே மகளுக்கு முகத்தை மட்டும் பார்க்கக் கிடைத்தது.

அவளுக்குப் பின்னாலேயே வேன் பிடித்து வந்த இந்த நால்வரும், அவளோடு ஒரே வருடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்கள். இவர்கள் இல்லாவிட்டால் இசைவாணி முதல் வருடமே மூட்டை கட்டியிருப்பாள். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், புரியாத பாடத்தைப் பத்து தடவை சலிக்காமல் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு விஷயத்தில்தான் இரக்கமில்லை. வாரா வாரம் ஒருவர் கரும்பலகை முன்னால் நின்று தன் வேலையை விளக்கவேண்டும். தப்பைப் பார்ப்பவர் அந்த நிமிடமே கை தூக்கிவிடவேண்டும். ஆறுதல் அப்புறம், கை முதலில் என்பது அவர்கள் வழக்கம். அழவைத்துவிட்டு, கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

ஐந்து வருட உழைப்பில் இசைவாணி ஒரு தேற்றத்தை நிரூபித்திருந்தாள். இந்த ஒரு வாரமாக நால்வரும் ஆளுக்கொரு அத்தியாயமாகப் பிரித்துக்கொண்டு சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அவள் போன் கலைப்பிரியாவிடம் இருந்தது. யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவர்களாகவே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போல.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் டிரம் பக்கத்தில் கலைப்பிரியா அவளைத் தனியாக நிறுத்தினாள். வானூர்ப் பெண் அவள். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"முந்தாநேத்து உங்கப்பா போன் பண்ணாருடி. நாந்தான் எடுத்தேன்."

இசைவாணி டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கூப்புடட்டுமாப்பான்னு கேட்டேன். வேணாம், படிக்கட்டும்னாரு. பின்னால ஒரே சத்தம். மண்டியில இருக்கேன்னாரு. பாப்பாவுக்கு முடிஞ்சிட்சான்னு மட்டுந்தான் கேட்டாரு. முடிஞ்சிட்சிப்பான்னு சொல்லிட்டேன்."

கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. யாருடைய போனாவது தன்னிடம் இருந்திருந்தால் தானும் இதையேதான் செய்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவும் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு மண்டி என்று நல்லதற்குத்தான் பொய் சொன்னார். குற்றம் சொல்ல ஒரு ஆள்கூட இல்லாமல் போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எதையாவது பிடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. நாலாவது அத்தியாயத்தைப் பார்த்து முடித்துவிட்டாயா என்று கேட்டாள்.

கலைப்பிரியா டிரம்மில் இருந்த தண்ணீரைப் பார்த்தாள். "இப்ப எதுக்குடி அது."

ஐந்து வருடத்தில் அவர்களில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. கை தூக்கியதற்கு அதுவே சமம்.

"எந்த எடத்துல?"

"எல்லையையும் கூட்டலையும் எடம் மாத்துனியே, அங்க. அன்னைக்கு சாயங்காலந்தான் பாத்தேன். அவரு போன் வெச்சப்புறம்."

"சரி பண்ண முடியாதா?"

"நாலு பேரும் ராத்திரி பூரா ஒக்காந்து பாத்தோம்," என்றாள் கலைப்பிரியா. வழி கிடைக்கவில்லை. அந்த இடம் போனால் தேற்றத்தில் ஒன்றும் மிச்சமில்லை. இசைவாணி முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பெட்டியைத் தூக்க ஆரம்பித்திருந்தார்கள்.

கல்லறைத் தோட்டம் வரைக்கும் அவள் அம்மா காந்திமதி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த ஒன்றையே சொல்லிக்கொண்டு நடந்தாள். பெண்ணுக்குப் படிப்பு முடிந்துவிட்டதென்று காதால் கேட்டுவிட்டுத்தான் மனுஷன் போனார், மருந்து போட வந்த நர்ஸிடம்கூடச் சொன்னார் என்றாள். அவளுக்குப் பிடிமானமாக அந்த ஒன்றுதான் இருந்தது.

உபதேசியார் ஜெபம் முடித்தார். பெட்டி குழிக்குள் இறங்கியது. சுற்றி நின்றவர்கள் குனிந்து ஆளுக்கொரு பிடி மண் எடுத்தார்கள். இசைவாணியும் எடுத்தாள். போடப்போன கையைக் காந்திமதி பிடித்து நிறுத்தினாள்.

"போன்ல வேற பொண்ணுதான் சொல்லிச்சி. ஒன் வாயால ஒரு தபா உங்கப்பாகிட்ட சொல்லிட்டுப் போடு."

இசைவாணி நிமிர்ந்தாள். குழிக்கு எதிர்ப்பக்கத்தில் நால்வரும் வரிசையாக நின்றார்கள். அவள் கரும்பலகை முன்னால் நிற்கும்போது எப்படிப் பார்ப்பார்களோ அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சிட்சிப்பா," என்றாள். எல்லோருக்கும் கேட்டது.

தென்னரசு மண் இருந்த கையைத் தூக்காமல் இடுப்போடு சேர்த்து வைத்துக்கொண்டான். கலைப்பிரியாவின் பிடியிலிருந்து மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து அவள் பாதத்தின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது.