பேசக் கூடாத வகுப்பு

1902இல் ஏசுபாதம், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் இருந்த மிஷன் பள்ளியின் தமிழ் வாத்தியார். தகரக் கூரைக்குக் கீழே நாற்பது பிள்ளைகள். பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு. பிள்ளைகள் தமக்குள் பேசினால் பாடம் கெட்டுப்போகும் என்று அவர் உறுதியாக நம்பினார். அவர் வாசிப்பார், எல்லோரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். வேறு சத்தம் கேட்டால் பிரம்படிதான்.

வெங்கடம்மா தை மாதம்தான் சேர்ந்தாள். தெலுங்கு பேசும் குப்பம் என்ற ஊரிலிருந்து அவள் அப்பா சுரங்க வேலைக்கு வந்திருந்தார். ஒருநாள் பக்கத்தில் இருந்த சாரா அவள் காதில் ஏதோ சொன்னாள். ஏசுபாதம் சாராவின் உள்ளங்கையில் நான்கு அடி கொடுத்தார்.

"அர்த்தம் சொன்னேன் அய்யா. கெணறுன்னா இன்னான்னு அவளுக்குத் தெர்ல."

"சொல்லித்தர நான் இருக்கேன். நீ யாரு?"

சாரா கடைசி வரிசைக்குப் போனாள்.

சித்திரையில் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். வெங்கடம்மாவைத்தான் எழுப்பினார். அவள் தடுமாறுவாள் என்றே ஏசுபாதம் நினைத்தார். அவளோ தடுமாறாமல் வாசித்தாள், அர்த்தமும் சொன்னாள்.

"தெலுங்குப் பிள்ளை! எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்?"

அவருக்கே தெரியாது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "நாலு நாலு பேரா உட்கார வைப்பேன் சார். ஒருத்தருக்கொருத்தர் பேசியே கத்துக்குவாங்க."

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவர் கேட்டுச் சிரித்த முறை அது. இன்ஸ்பெக்டர் பாராட்டி எழுதிக்கொண்டார். நாற்பது பிள்ளைகளும் தலை குனிந்திருந்தார்கள். ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. அந்த அமைதியை அடித்து அடித்துப் பழக்கியவர் அவர்தான்.

இன்ஸ்பெக்டர் போனதும் வெங்கடம்மாவைக் கூப்பிட்டு, எப்படிக் கற்றுக்கொண்டாள் என்று கேட்டார்.

"தண்ணிக் கொழா கிட்ட அய்யா. நீங்க சாப்புடப் போறப்போ சாரா சொல்லிக்குடுப்பா." சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "அடிக்காதீங்க அய்யா. இனிமே பேச மாட்டோம்."

அவருக்கு முகம் எரிந்தது. அன்று மாலையே உண்மையை எழுதி இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினார். கண்டனக் கடிதம் பிறகு வந்தது.

மறுநாள் வகுப்பில், "நேத்து நான் பொய் சொன்னேன். சாரா, உன்னை அடிச்சது தப்பு" என்றார். சாரா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகளை நான்கு நான்கு பேராக உட்கார வைத்தார். "பேசுங்க" என்றார். யாரும் பேசவில்லை. அவர் வெளியே போய் நின்ற பிறகே முணுமுணுப்பு எழுந்தது. உள்ளே வந்ததும் அடங்கிவிட்டது.

அவர் எதிரில் அவர்கள் பேச ஆடி மாதம் ஆயிற்று. அப்போதும் அவர் பக்கத்தில் வந்தால் சாரா பாதி வார்த்தையில் நிறுத்திவிடுவாள். அவள் இருக்கும் பக்கம் போகாமல் சுற்றி நடக்க அவர் பழகிக்கொண்டார்.