பார்வையாளர்: ஒருவர்

தம்பிக்காரனுக்கு வேகத்தை அளக்காமல் இருக்க முடியாது. எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே போனை எடுத்து இணைய வேகம் பார்ப்பான். சாவு வீட்டில்கூட ஓரமாய் நின்று ஒரு தடவை பார்த்துவிடுவான் என்று அவன் அண்ணி கேலி செய்வாள். அதில் பாதிக்கு மேல் உண்மை. அண்ணன் மகள் அவனுக்கு வைத்த பெயர் 'ஸ்பீடு சித்தப்பா'. கூட்டங்களையும் விழாக்களையும் நேரலையாக அனுப்பித் தருவதுதான் தொழில் என்பதால், அவனும் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டு திரிந்தான்.

அன்றைக்கு அவன் நேரலை அனுப்பவேண்டியது ஒரே ஒருவருக்கு. அவன் அண்ணனுக்கு. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து, அவரைக் கண்ணாடி அறையில் தனியாக வைத்திருந்தார்கள். யாரும் உள்ளே போகக்கூடாது, அவரும் வெளியே வரக்கூடாது. தண்ணீரைப் பார்த்தாலே வீல் என்று கத்திய மகளைக் கெஞ்சிக் கொஞ்சி நீச்சல் குளத்தில் இறக்கியவர் அவர்தான். அன்றைக்குத்தான் அந்த மகளுக்கு முதல் பெரிய போட்டி. "நேர்லதான் வர முடியல, எப்படியாவது எனக்குக் காட்டிடுடா" என்று தம்பியிடம் கேட்டிருந்தார். பிறந்ததிலிருந்து கொடுத்தே பழகிய மனிதர், தம்பியிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனாலேயே தம்பிக்காரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீச்சல் அரங்கின் சுவர்கள் அநியாயத்துக்குத் தடிமன். உள்ளே போனில் பேசும் அளவுக்கு ஒரு கோடு சிக்னல் நிற்கும்; படம் அனுப்ப அது போதாது. அதற்கு அவன் வழி வைத்திருந்தான். பார்வையாளர் வரிசையின் உச்சியில், ஜன்னல் ஓரமாகத் தன் போர்டை வைத்தான். சோப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும் கணினி அது. மொத்தக் கணினியும் ஒரே பலகையில். ஒரு பக்கம் கேமரா. மறுபக்கம் நீளமான வயரில் ஒரு மோடம், அதற்குள் அவன் போனிலிருந்து கழற்றிப் போட்ட சிம். மோடத்தை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் சிக்னல் தாராளமாக வந்தது.

காலையில் சோதித்தபோது படம் பளிச்சென்று போனது. "உன் கட்டைவிரல் ரேகைகூடத் தெரியுது, லென்ஸ்ல இருந்து கையை எடு" என்று அண்ணன் எழுதினார். எழுந்து உட்கார முடியாத நிலையிலும் மனிதருக்கு நக்கல் குறையவில்லை. தம்பிக்காரனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மதியம் படம் திக்கியது. பிறகு உறைந்தது. பிறகு போயே போய்விட்டது.

படம் பார்ப்பதற்கு இணையத்திலிருந்து இறங்கும் வேகம் போதும். படம் அனுப்புவதற்கோ ஏறும் வேகம் வேண்டும். போர்டோடு இணைத்திருந்த மடிக்கணினியில் பார்த்தால் அந்த ஏறும் வேகம் தரையோடு தரையாகக் கிடந்தது. கூட்டம் வந்துவிட்டது, எல்லாருடைய போனும் ஒரே கோபுரத்தில் தொங்குகிறது என்றான். மோடத்தை அடுத்த ஜன்னலுக்கு மாற்றினான். போர்டு சூடாகிவிட்டது என்று அட்டையால் விசிறினான். ஒவ்வொன்றுக்கும் பிறகு வேகத்தை அளந்தான். அளக்க அளக்க அது இன்னும் மோசமானது.

"தம்பி, அவ இங்கயேதான் பார்க்கிறா" என்றாள் அண்ணி.

கீழே, குளத்தின் கரையில், நீச்சல் தொப்பியோடு மகள் நின்று அவர்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பார்க்க வந்துவிட்டால் சித்தப்பா கட்டைவிரலை உயர்த்திக் காட்டவேண்டும் என்று பேச்சு. மடிக்கணினித் திரையின் மூலையில் 'பார்வையாளர்: 0' என்றிருந்தது. இவளுக்கு முந்தைய பிரிவின் பந்தயம் முடியப்போகிறது. அவன் கை தானாகக் கொஞ்சம் மேலே எழுந்தது.

அண்ணி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். "வேணாம். அவர் வரலைன்னா வரலைன்னு இருக்கட்டும். பொய் சொல்லிக் குதிக்க வச்சா, அப்புறம் நம்ம மூஞ்சியில எப்படி முழிப்பா?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணி அதைப் பார்க்காதது போல, கேமராவின் வயரைப் பிடுங்கி, லென்ஸில் படிந்த நீராவியைச் சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தாள். சும்மா இருக்கும் கைக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். துடைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தவள் கேட்டாள்:

"கேமராவைத்தான் பிடுங்கிட்டேனே. அப்புறம் அது எதை அனுப்பறேன்னு இந்தச் சிமிட்டு சிமிட்டுது?"

வெளியே தொங்கிய மோடத்தின் பச்சை விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.  தம்பிக்காரன் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டான்.

நேற்று போர்டைத் தயார் செய்தபோது, எந்த நேரத்தில் எவ்வளவு வேகம் வருகிறது என்று தெரிந்துகொள்ள, சில நிமிடங்களுக்கு ஒரு தடவை தானாகவே வேகம் அளக்கும்படி எழுதிவைத்திருந்தான். எழுதியதை மறந்தும் போனான். அந்த வேகச் சோதனை சும்மா நடக்காது. ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய மூட்டையை மேலே ஏற்றி, இறக்கித்தான் அளக்கும். விடிய விடியவும், விடிந்த பிறகும் ஏற்றி இறக்கி, இன்றைக்கு உரிய டேட்டா முழுவதையும் போர்டு தின்று தீர்த்துவிட்டது. தீர்ந்தால் சிம் நிறுவனம் வேகத்தை நத்தை நடைக்கு இறக்கிவிடும். கோபுரமும் காரணமில்லை, சுவரும் காரணமில்லை.

"அளந்து அளந்தே காலி பண்ணிட்டேன் அண்ணி" என்றான்.

"திட்டறதை அப்புறம் வச்சுக்கறேன். இப்ப என்ன வேணும், அதைச் சொல்லுங்க."

"வேற சிம் வேணும்."

அண்ணியிடம் இருந்தது ஒரு பழைய பொத்தான் போன். பேச மட்டும்தான் லாயக்கு. அதன் சிம்மோடு வந்த டேட்டாவை அவள் தொட்டதே இல்லை. ஆனால் மருத்துவமனைக்காரர்கள் அழைப்பதும் அந்த எண்ணுக்குத்தான். அண்ணனைச் சேர்த்த நாளிலிருந்து அது ஒரு நிமிடம்கூட அணைந்ததில்லை; குளிக்கப் போனாலும் கதவோரம் வைத்துக்கொள்வாள். இப்போது அதைக் கையில் வைத்து இறுக்கிப் பிடித்தாள். ஏதாவது ஆகி, அவர்கள் அழைத்து, இவள் எடுக்காமல் போனால்? அந்தப் பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"அவர் கேட்டது இதைத்தானே" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பின்மூடியைக் கழற்றி சிம்மை நீட்டினாள்.

அவன் முதலில் அந்தப் பாழாய்ப்போன வேகச் சோதனையை அழித்தான். சிம்மை மாற்றினான். கேமராவின் வயரைத் திரும்பச் சொருகினான். ஆபத்தே வேண்டாம் என்று படத்தின் அளவைக் குறைத்தான். சிக்னல் தடுமாறினாலும் படம் அறுந்துபோகாமல் இருக்க, நன்றாகச் சேர்த்துவைத்துக்கொண்டு நிதானமாக அனுப்பும்படி மாற்றினான். வாழ்நாளில் முதல் தடவையாக வேகத்தை அளக்காமல் பொத்தானை அழுத்தினான்.

கீழே பெயர்களை வாசித்தார்கள். மகள் மேடையில் ஏறினாள். திரும்பிப் பார்த்தாள்.

பார்வையாளர்: 0.

பார்வையாளர்: 1.

தம்பிக்காரன் இரண்டு கட்டைவிரலையும் தூக்கியபடி இருக்கைமேல் ஏறி நின்றான். பின்வரிசைக்காரர் "தலை மறைக்குது சார்" என்று கத்தியது அவன் காதில் ஏறவே இல்லை. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். விசில் அடித்தது. மகள் குதித்தாள்.

குளத்தின் சுவரை அவள் நான்காவதாகத்தான் தொட்டாள். பதக்கமெல்லாம் இல்லை. அதைப் பற்றி அங்கே யார் கவலைப்பட்டார்கள்? திரையில் அந்த ஒன்று, கடைசிவரை ஒன்றாகவே நின்றது. தம்பிக்காரன் தொப்பென்று உட்கார்ந்து பெருமூச்சு விட்டான். நாள் முழுக்க நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது.

துண்டைப் போர்த்திக்கொண்டு, படியெல்லாம் நீர் சொட்டச் சொட்ட மகள் ஓடிவந்தாள். "சித்தப்பா, நிஜமாவே அப்பா பார்த்தாரா?"

அவன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். படத்துக்குப் பக்கத்தில் அண்ணன் எழுதியவை வந்துகொண்டிருந்தன.

*விடாதே பாப்பா*

*கையை நீட்டு. இன்னும் நீட்டு*

"என்ன இது? நான்தான் முடிச்சிட்டேனே?" என்றாள் மகள்.

"படம் லேட்டாத்தான் போய்ச் சேருதுடா. நான்தான் அப்படி வச்சேன்" என்றான் சித்தப்பா. "அங்க நீ இன்னும் தண்ணியிலதான் இருக்கே."

மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையின்மேல் குனிந்தார்கள்.

*கொஞ்சம்தான். கொஞ்சம்தான்டா தங்கம்*

*நர்ஸம்மாவும் பார்க்கிறாங்க*

*வந்துட்டே*

 மகள் ஈரக் கையை மெல்ல நீட்டி, திரையின் ஓரத்தைத் தொட்டாள்.

*தொட்டுட்டா! தொட்டுட்டா!*

"தொட்டுட்டேன்ப்பா" என்றாள்.