காணிப்பாக்கம் போய்வந்த சாட்சி

திருப்பதி நீதிமன்றத்தில் அரசு வக்கீல் யாமினியைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. லஞ்ச வழக்குகளை நடத்துகிறவள் என்பதால் யார் வாங்கிக் கொடுத்தாலும் காபி குடிக்கமாட்டாள். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைக்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கையில் வாங்குவாள். இத்தனை சுத்தமாக இருந்தும், அரசியலில் இருக்கும் ஒரு பெரிய மனிதரைக்கூட அவளால் உள்ளே தள்ள முடிந்ததில்லை. கூண்டில் ஏறியதும் அவளுடைய சாட்சிகள் பல்டி அடித்துவிடுவார்கள். வீட்டில் கணவன் முரளிதரனும் விடுவதில்லை. உன் சாட்சிகளுக்குக் கூண்டில் ஏறினால் மறதி வருகிறதே, அடுத்த தடவை ஒரு டாக்டரையும் கூட்டிப் போ என்பான்.

இந்த முறை மாட்டியவர் மண்டல சேர்மன் கோவர்த்தனன். பிச்சாட்டூர் ஏழுமலை கால்வாய் வேலை எடுத்துச் செய்திருந்தான். அவன் பில் பாஸாக வேண்டுமானால் தனக்குப் பங்கு வேண்டும் என்றார் சேர்மன். லஞ்ச ஒழிப்புப் போலீஸ் மருந்து தடவித் தந்த நோட்டை ஏழுமலையிடம் வாங்கியவரின் கையைக் கழுவியபோது தண்ணீர் ரோஜா நிறமாகிவிட்டது. ஆனால் அவர் கேட்டுத்தான் கொடுத்தது என்று சொல்ல ஏழுமலை ஒருவன்தான் உண்டு. அவனும் போய்விட்டால் வழக்கும் போச்சு.

சேர்மனுக்கு ஒரு பழக்கம். சாக்கடை அடைத்துக்கொண்டதா என்ற சண்டைக்குக்கூட, தைரியமிருந்தால் காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணு என்று எதிர்க்கட்சிக்காரனைக் கூப்பிடுவார். அங்கே குளத்தில் முழுகி ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட்டதில்லை என்பது எங்கள் சித்தூர்ப் பக்கத்து நம்பிக்கை.

சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின நாள், ஏழுமலையைச் சேர்மன் தன் காரிலேயே காணிப்பாக்கத்துக்கு அழைத்துப் போனதாக யாமினிக்குச் செய்தி வந்தது. சத்தியம் வாங்கியிருப்பார், இவனும் கைவிட்டுப் போனான் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு முரளிதரன் கேலி செய்யவில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் ஏழுமலை கூண்டில் ஏறினான். சேர்மன் உன்னிடம் பணம் கேட்டாரா என்று யாமினி ஒப்புக்குத்தான் கேட்டாள். கேட்டார், கொடுத்தேன் என்றான் அவன். அவள் நம்பாமல் மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையேதான் சொன்னான்.

சேர்மனின் வக்கீல் வேகமாக எழுந்தார். லஞ்சம் கேட்டவரின் காரில் ஏறி யாராவது கோயிலுக்குப் போவார்களா, நேற்று நீ போனாயே என்று மடக்கினார். கேட்டிருக்க வேண்டாம்.

"நேத்து வரைக்கும் பயந்துக்கினு பொய் சொல்றதாத்தான் சார் இருந்தேன்," என்றான் ஏழுமலை. "சேர்மன் துட்டே கேக்கலன்னு சத்தியம் பண்ணுடான்னு இட்டுக்கினு போனாரு. முழுகிட்டு சாமி எதிர்ல நின்னா அந்தப் பொய் வாயில வரல. அவுரு வெளியில செல்லுல பேசிக்கினு இருந்தாரு. நெசத்தச் சொல்றேன் சாமின்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேற எந்தக் கோயிலுக்கு இட்டுக்கினு போயிருந்தாலும் அவுரு சொன்னதயே சொல்லியிருப்பேன் சார்."

நீதிபதி காகிதங்களுக்குள் சிரிப்பை மறைத்துக்கொண்டார். யாமினி மறைக்கவில்லை. அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

தீர்ப்பு வந்த அன்று சேர்மனைப் போலீஸ் வெளியே கூட்டிவந்தது. டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். யாமினி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது பொய்க் கேசு," என்று அவர் குரலை உயர்த்தினார். "அந்தம்மாவுக்குத் தைரியம் இருந்தா காணிப்பாக்கத்துக்கு..."

பாதியில் நிறுத்திவிட்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று போலீஸ்காரரைக் கேட்டார்.