நடுவில் மட்டும் இறுகியது

அக்காவின் பழைய காரில் ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பினாலும் சக்கரம் அசையாது. பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோலச் சட்டென்று திரும்பும். போன வாரம் அப்படித் திரும்பியபோது, கைக்குழந்தையோடு பின்சீட்டில் இருந்த அக்காவின் கணவர், எங்கள் மாமா, எதிர்வீட்டுச் சுவரை ரொம்பப் பக்கத்தில் பார்த்துவிட்டார். வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாகப் பழைய இரும்புக் கடைக்காரருக்குப் போன் செய்து, சனிக்கிழமை சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"அதுக்குள்ள நான் சரிபண்ணிட்டா?" என்றாள் அக்கா.

"பண்ணு. ஆனா நான் உட்கார்ந்து பார்த்துட்டுதான் நம்புவேன்."

அக்கா பல் மருத்துவர். குறுகலான இடத்துக்குள் கையைவிட்டு வேலை பார்ப்பது அவளுக்குப் பழக்கம்தான். சனிக்கிழமை காலையில் இருவரும் ஷெட்டில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்றினோம். உள்ளே பல்சக்கரங்களில் கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது. மண்ணெண்ணெயில் முக்கிய பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். கறுப்பு உரிந்து இரும்பு பளிச்சிட்டபோது அவள் முகமும் பளிச்சிட்டது.

"நல்லா வாயத் திற, பயப்படாத," என்று பாக்ஸிடம் சொன்னாள்.

"வலிச்சா கையத் தூக்கச் சொல்லுக்கா."

புதுக் கிரீஸ் வைத்து மாட்டினோம். பாக்ஸின் தலையில் ஒரு ஸ்க்ரூ உண்டு. அதை இறுக்கினால் ஆட்டம் குறையும். நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை அசைத்தேன். அவள் பானெட்டுக்குள் குனிந்து துளித்துளியாக இறுக்கினாள்.

"இப்போ?"

"லேசா ஆடுது."

"இப்போ?"

விரல்களுக்கிடையிலிருந்து அந்தத் தொளதொளப்பு காணாமல் போனது. தொடர்ந்து வந்த தும்மல் நின்றதுபோல அப்படியொரு நிம்மதி.

வெளியே எடுப்பதற்காகச் சக்கரங்களை நேராக்கத் திருப்பினேன். பாதியில் ஸ்டியரிங் கல்லாக நின்றுவிட்டது.

ஜன்னலில் மாமாவின் தலை தெரிந்தது. "முன்னாடி ஆடுச்சு, இப்ப அடம் பிடிக்குதா? யாரப் பார்த்துக் கத்துக்கிச்சோ."

அக்கா என்னை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் லேசாக வந்தது. நடுவுக்கு வரும்போதுதான் பிடித்தது.

"நாம எப்படி வச்சு இறுக்கினோம்?"

இருவரும் சக்கரங்களைப் பார்த்தோம். எங்கள் ஷெட்டின் தரை தெருப்பக்கம் சரிவு. ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது. அதனால் எப்போதும் சக்கரங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பியே நிறுத்துவோம். அந்தப் பழக்கத்தில் அப்படியே வைத்து வேலையை முடித்திருந்தோம்.

"அட லூசே! நேரா வச்சில்ல இறுக்கியிருக்கணும்!" தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். "வண்டி நேராத்தான அதிகம் போகுது? அதனால பல்லு நடுவுலதான் நெருக்கமா இருக்கும். ஓரத்துல இருக்குற இடைவெளி அதோட இயல்பு. நாம அதைப் போய் அடைச்சிருக்கோம்!"

பின்சக்கரங்களுக்குச் செங்கல் வைத்தேன். ஸ்க்ரூவைத் தளர்த்தி, சக்கரங்களை நேராக்கி, மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஸ்டியரிங் வழுக்கிக்கொண்டு போனது.

மாமா குழந்தையை என்னிடம் தந்துவிட்டு, கதவைப் பிடித்தபடியே முன்சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் தெருமுனையில் மறைந்தது. திரும்பி வந்தபோது ஓட்டிக்கொண்டிருந்தவர் மாமா.

"எப்படி இருக்கு மாமா?"

"அவசரப்படாத. இன்னும் பார்க்கணும்."

"மூணு தெரு பார்த்தாச்சு," என்றாள் அக்கா. "இறங்கச் சொன்னா காது கேக்கல."

மாமா எட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"பாப்பாவத் தூக்கிட்டு ஏறு."


அக்காவின் கை முழுக்கக் கிரீஸ் என்பதால், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன்.