மேல்மாடிப் படிப்பு

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில், இருபது வருடமாக அதே நான்கு லிஃப்டுகளோடு மல்லுக்கட்டுகிறேன். யார் எந்த மாடியில் இறங்குவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. அதனால் பிசினஸ் படிப்பதா, என்ஜினீயரிங் படிப்பதா, எதில் நல்ல வேலை கிடைக்கும் என்று மகள் குழம்பியபோது, எந்த அப்பனும் செய்யாத ஓர் ஆராய்ச்சியில் இறங்கினேன். ஒரு வாரம் லிஃப்டுக்குள் நின்று, ஏறியவர்களிடமெல்லாம் என்ன படித்தீர்கள் என்று கேட்டேன். சிலர் முறைத்தார்கள். முறைக்கட்டுமே, லிஃப்ட் பாதியில் நின்றால் என்னைத்தானே கூப்பிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து முடிவை அறிவித்தேன். நாலாவது மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் முதுகு வளைந்து கிடப்பவர்கள் அத்தனை பேரும் என்ஜினீயர்கள். பதினான்காவது மாடியில் தனி அறை போட்டு உட்கார்ந்து அவர்களை விரட்டுகிறவர்கள் அத்தனை பேரும் பிசினஸ் படித்தவர்கள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் மனசு என்னவோ என்ஜினீயரிங் பக்கம்தான். ஆனாலும் என் பேச்சை நம்பி, விண்ணப்பத்தில் பிசினஸை முதலில் போட்டு வைத்தாள்.

என் ஆராய்ச்சியில் பாதி பொய். மேல்மாடியிலும் பாதிப் பேர் என்ஜினீயரிங் முடித்தவர்கள்தான். அதை அப்படியே முழுங்கிவிட்டேன். பிசினஸ் காலேஜ் வீட்டிலிருந்து நாற்பது நிமிடப் பஸ். என்ஜினீயரிங் காலேஜ் ஒன்பது மணி நேர ரயில். அவள் அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. இவளும் போய்விட்டால், என் சமையலைத் திட்டிக்கொண்டே தின்பதற்குக்கூட வீட்டில் ஆள் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல வாய் வராமல் எதிர்காலம் அது இது என்று அளந்துவிட்டேன்.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள். அன்று பார்த்து மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வேலைக்குப் போனேன். மகள் லிஃப்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். அப்போது லிஃப்டில் ஏறிய பதினான்காவது மாடி மேனேஜரம்மா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவளிடம், "நீதானா என்ஜினீயரிங் படிக்க ஆசைப்படற பொண்ணு? நானும் அதான் படிச்சேன். அப்பா என்கிட்ட கேட்டப்பவே, அதையே படிக்க வைங்கன்னு அவ்வளவு சொன்னேனே" என்றார். எனக்குக் குப்பென்று வியர்த்தது. மகள் சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது, லேப்டாப்பில் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். ஏதேதோ சொல்லிப் பூசி மெழுகப் பார்த்தேன். பாதியிலேயே நிறுத்தினாள்.

"தனியா இருக்க பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே பிசினஸ் போட்டிருப்பேன்பா. எதுக்குப் பொய்?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தேன்.

"சரி, இப்பவாவது சொல்லுங்க. போகவா, இருக்கவா?"

இரு என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. சத்தியமாக வந்தது. நான் சொன்னால் இருந்துவிடுவாள், படிப்பு முடிகிறவரை முகம் கோணாமல் இருந்துவிடுவாள் என்று அவளைப் பார்த்ததுமே தெரிந்தது.

"என்ஜினீயரிங்கையே போடு" என்றேன்.

கொஞ்சமாவது யோசிப்பாள் என்று நினைத்தேன். நான் சொல்லி வாய் மூடுவதற்குள் என்ஜினீயரிங்கை மேலே ஏற்றி அனுப்பிவிட்டாள்.